ஆ கம்பவுண்டரும் பக்கிரியின் கடைவாய்ப் பல்லும்

அந்தக் காலத்தில் எங்கள் ஆ கம்பவுண்டருக்கு வாயைத் திறந்து காட்டாத மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருவரும் கிடையாது, என்னைத் தவிர. நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த மந்திரி ஒருவருக்கு மாலை போடுகிற சாக்கில் அவர் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார் என்பார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்து அரசாங்க ஆஸ்பத்திரி. நான் நர்ஸ், அவர் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நாங்கள்தான். கால் வீக்கம் என்று வருகிறவரிடமும் "ஆ சொல்லுங்க" என்பார். தேள் கொட்டி அலறிக்கொண்டு வந்தவனிடம், "அதான் தொறந்துட்டியே, அப்படியே இரு" என்று சொல்லி, இரண்டு சொத்தையைக் கண்டுபிடித்த பிறகுதான் கடிவாயைப் பார்த்தார். பிரசவ வலியில் துடித்தவளிடம் டார்ச்சோடு வந்தபோது நான் விளக்குமாற்றை எடுத்துவிட்டேன்.

"ஏன் சார், வாயை விட்டா உடம்புல வேற இடமே உங்களுக்குத் தெரியாதா?"

"மேட்டூர்ல தொறந்த தண்ணி நம்ம கடைமடைக்கு வருதா இல்லையா சிஸ்டர்? வாய்ல ஊறுன கிருமி இருதயத்துக்கு வராதா? அது வாயிலயேதான் குடியிருக்கணும்னு யாராச்சும் பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா? எங்க, நீங்க ஒரு ஆ சொல்லுங்க பாப்போம்."

நான் உதட்டை இறுக்கிக்கொண்டு போய்விடுவேன்.

டாக்டரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு விடாத காய்ச்சல் வந்தது. டாக்டர் முதலில் மலேரியா என்றார், பிறகு டைபாய்டு என்றார். கம்பவுண்டர் ஈறை அமுக்கிப் பார்த்து, "பல்லு வேர்ல சீழு. அது நெஞ்சுல போய் உக்காந்திருக்கு" என்றார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இருதய வால்வில் கிருமி என்று கண்டுபிடித்து, வாரக்கணக்கில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மிராசுதாரின் அக்காவுக்கு வருஷக்கணக்கில் ஒரு பக்கத் தலைவலி, ஒரு மூக்கில் மட்டும் நாற்றம். மேல்வரிசைப் பல் ஒன்றின் வேர் வழியாகக் கன்னத்து எலும்புக் குழிக்குள் சீழ் ஏறியிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்கி உள்ளே கழுவியதும் சரியாயிற்று. டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். ஊர் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் குறுவை அறுவடை நேரம். கோட்டையில் கழக ஆட்சி. சுவரெல்லாம் உழுபவனுக்கே நிலம் என்ற எழுத்து. நிலம் மட்டும் பழைய ஆட்கள் பேரிலேயே பத்திரமாக இருந்தது. கூலியை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று செங்கொடிச் சங்கம் நின்றது. சங்கத்துக்குத் தலைவர் பக்கிரி. பத்து நாளில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கிரியின் இடது கன்னம் தேங்காய் மூடி கணக்காக வீங்கியிருந்தது.

மிராசுதார் ஆட்கள் அடித்துவிட்டார்கள் என்று கூலிக்காரர் தெருவெல்லாம் ஒரே பேச்சு. அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. அந்தத் தெருவில் கன்னம் வீங்குவதற்கு அதுவரை வேறு காரணம் இருந்ததில்லை. மதியத்துக்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டது. வேலைக்குத் திரும்ப நினைத்தவர்கள்தான் முன்வரிசையில் நின்று கத்தினார்கள்.

கம்பவுண்டர் ஊர்வலத்துக்குள் புகுந்து பக்கிரியை வைக்கோல்போருக்குப் பின்னால் இழுத்துப்போனார். நானும் ஓடினேன். பக்கிரிக்கு வாய் பாதிதான் திறந்தது. கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் பெரிய குழி. வலியை அடக்க அதில் புகையிலையை அடைத்து வைத்திருந்தார்.

"பக்கிரி, ஒன்ன எவனும் அடிக்கல. இது பல்லு. வா, இப்பவே தஞ்சாவூர் போயிடுவோம்."

"தெரியும் கம்பவுண்டரய்யா. புதன்கெழம தாலுக்காபீசுல பேச்சுவார்த்த. அதுவரைக்கும் இருக்கட்டும். வீக்கம் வத்துனா போராட்டமும் வத்திடும். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"கழுத்துக்கு எறங்குனா மூச்சே நின்னுடும்யா!"

"இந்தக் கூலிக்காக எத்தன பேரு உசுரு போயிருக்கு. என் உசுரு மூணு நாளு தாங்காதா?"

யாரிடமும் சொல்வதில்லை என்று கம்பவுண்டர் அரைமனசாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் மிராசுதாரின் காரியஸ்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அவனுக்குப் பல்லு வீக்கம்தான்னு ஒரு சர்டிபிகேட் வேணும். உண்மையைத்தானே எழுதச் சொல்றோம்?"

உண்மைதான். தொல்லையே அதுதான். கம்பவுண்டர் "ஆ சொல்லுங்க" என்றார். பழக்க தோஷத்தில் காரியஸ்தரும் திறந்துவிட்டார்.

"ஒங்க வாய்ல நாலு சொத்த. இத நான் ஊர்ல சொன்னேனா? அவரு வாயும் எனக்கு அப்படித்தான். போயிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் பக்கிரி களத்துமேட்டில் கிடந்தார். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, கழுத்து இரண்டு பக்கமும் கல்லாக இருந்தது. நாக்கை அடியிலிருந்து வீக்கம் மேலே தூக்கியிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு சத்தத்தோடு இழுத்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் சங்கத்தார் கைகோத்து மறித்தார்கள். அங்கே போனால் பணக்காரனுக்குச் சாதகமாக எதையாவது எழுதிவிடுவார்களாம். நாளைக் காலை வரை தாங்கினால் போதுமாம்.

அதுவரை ஊரையே வாய் திறக்கச் சொன்ன கம்பவுண்டர், கொடுத்த வாக்குக்காகத் தன் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அப்போது பக்கிரியின் மனைவி அஞ்சம்மாள் எழுந்தாள்.

"ஆமா, பல்லுதான்! எங்க வூட்டுக்காரர எவனும் அடிக்கல. அதுக்கென்ன இப்ப? அடி வாங்குனாத்தான் கூலி கேப்பீங்களா? பல்லு வலின்னா பழைய கூலிக்கே குனிஞ்சு அறுப்பீங்களா? எனக்கு எம் மனுசனும் வேணும், கூலியும் வேணும். நவுருங்க!"

கோத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

ஊரில் ஒரே கார் மிராசுதாருடையது. கம்பவுண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கேதான் போனார். "ஒங்க ஆளுங்க அடிக்கலைன்னு எனக்குத் தெரியும். அவரு செத்துட்டா அத யாருகிட்ட சொல்லுவீங்க? காரக் குடுங்க."

மிராசுதார் டிரைவரைக் கூப்பிட்டார். செங்கொடிச் சங்கத் தலைவர் மிராசுதாரின் அம்பாசடரில், கம்பவுண்டர் மேல் சாய்ந்துகொண்டு தஞ்சாவூருக்குப் போனார். வழியில் பார்த்தவர்கள் புரட்சி முடிந்துவிட்டது என்றே நினைத்தார்களாம்.

கழுத்தைக் கீறிச் சீழை எடுத்து, பல்லைப் பிடுங்கி, பென்சிலின் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கும் என்றார் பெரிய டாக்டர். புதன்கிழமை பேச்சுவார்த்தைக்கு அஞ்சம்மாள் போனாள். வீக்கம் போய்விட்டது, ஆனாலும் ஒரு ஆள்கூட அரிவாளை எடுக்கவில்லை. கதிர் முற்றிச் சாய ஆரம்பித்ததும் மிராசுதார்கள் இறங்கி வந்தார்கள்.

கம்பவுண்டருக்குக் கிடைத்தது மாறுதல் உத்தரவு. வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனாராம். திருப்பனந்தாள் பக்கம் தூக்கிப் போட்டார்கள். மொட்டைக் கடிதம் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். நாலு சொத்தை உள்ளவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் அந்தத் தெருவே நின்றது. மாலை இல்லை, பேச்சு இல்லை. பக்கிரி முதலில் போய் அவர் முன்னால் வாயைத் திறந்து "ஆ" என்றார். பின்னால் அஞ்சம்மாள். அவளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை. கம்பவுண்டர் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துத் திட்டினார். ஹாரன் அடித்த பஸ் டிரைவருக்கும் அதே கதிதான்.

கடைசியில் நான் போய் நின்றேன். ஆறு வருஷம் மூடி வைத்திருந்த வாயைத் திறந்தேன். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர்."

எனக்கு மேல்வரிசையில் பெரிய சொத்தை ஒன்று இருந்தது. அவரிடம் அகப்பட்டுவிடக் கூடாதென்றுதான் அத்தனை வருஷமும் ஓடினேன். டார்ச் நன்றாகத்தான் எரிந்தது. அவர் கண்தான் கலங்கியிருந்தது.