டெம்புரா மேசையில் சஹன் காக்கா

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து நானும் இருந்தேன் என்று கதை விடக் கூடாது. சஹன் காக்கா. வேன் டிரைவர் செல்வராஜ். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, துபாய் தேராப் பகுதியில் காக்கா கடையில் பில் எழுதிக்கொண்டிருந்த நான். எங்களுக்கு எதிரே, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒரு ஜப்பான் சமையல்காரர். எங்கள் முதுகுக்குப் பின்னால், உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்ற மலையாளி மேனேஜர். அவ்வளவுதான். அத்தனை பெரிய ஓட்டலில் வேறு ஒரு ஈ கூட இல்லை.

துபாய்க்கு வந்து ஒரு வாய்ச் சோறுகூடத் தனியாகத் தின்னாத மனிதர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால், அது சஹன் காக்காதான். காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர்கள் ஊர் விருந்துகளில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். மற்றவர்கள் அதைக் கல்யாண வீட்டோடு விட்டுவிடுவார்கள். காக்கா அதைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். மத்தியானம் தட்டைச் சுற்றி ஆள் குறைந்தால் தெருவில் போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். ஒருமுறை, கடையில் சுத்தம் பார்த்து அபராதம் போட வந்த அதிகாரியையே உட்கார வைத்துவிட்டார். அந்த ஆள் கறியை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். அபராதத்தையும் போட்டார்.

“சாப்பாடு வேற, சட்டம் வேற. நல்ல மனுசன்” என்றார் காக்கா.

சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சும்மா இருக்கவில்லை. தன் கஞ்சியையும் பக்கத்துக் கட்டில் பாகிஸ்தான் பட்டாணியரின் ரொட்டியையும் ஒரே தட்டில் போட்டு, இருவரும் ஆளுக்கொரு கையில் ஊசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கத்திய கத்தலில் எனக்குத்தான் ரத்த அழுத்தம் வந்தது.

நாங்கள் ஓட்டல்களுக்கு இறாலும் காய்கறியும் சப்ளை செய்துவந்தோம். எங்கே பார்த்தாலும் கட்டடங்கள் பாதியில் நின்றுபோன வருடம் அது. இந்த ஜப்பான் ஓட்டல் ஐந்து மாதமாக எங்களுக்குப் பணம் தரவில்லை. மீன் மார்க்கெட் மொத்த வியாபாரியிடம் காக்கா பின்தேதி போட்டுக் கொடுத்திருந்த செக், ஞாயிற்றுக்கிழமை பேங்குக்குப் போகிறது. துபாயில் செக் திரும்பினால் ஜெயில். இங்கே பணம் வந்தால் அங்கே செக் பாஸ். வராவிட்டால் காக்கா உள்ளே. எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. காக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மூவரும் வசூலுக்குக் கிளம்பினோம். மேனேஜர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “முதல்ல உக்காருங்க காக்கா, சாப்பிடுங்க” என்று எங்களை அந்த நீள மர மேசையில் உட்கார வைத்தார். டெம்புரா, ஆளுக்கு ஐந்நூறு திர்ஹம் வாங்கும் சாப்பாடு என்று காதோடு சொன்னார். நான் மூன்றால் பெருக்கிப் பார்த்தேன். இதையும் பில்லில் கழித்துவிட்டால்?

தொட்டுக்கொள்ளும் சாற்றில் மது சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும், காக்கா அதை இரண்டு விரலால் தள்ளி வைத்துவிட்டு உப்பு கேட்டார். ஜப்பான்காரர் இறாலை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டார். சட்டிப் பக்கம் காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். எடுத்தார். ஆளுக்கு ஒன்று, வெள்ளைத்தாளின் மேல்.

“நம்ம இறாலுல்லா!” என்றார் காக்கா. நான் கை நீட்டினேன். “பொறு தம்பி. எல்லாம் வரட்டும்.”

அடுத்து வெண்டைக்காய் வந்தது.

“பார்த்தியளா, அன்னைக்கு நாம மூட்டையில கட்டிப்போட்ட பய, இன்னைக்கு மஸ்லின் சட்டை போட்டுக்கிட்டு வாரான்” என்றார் காக்கா. அதையும் தொட விடவில்லை.

ஜப்பான்காரர் கையால் வாயைக் காட்டினார். மேனேஜர் பதறினார். “காக்கா, வச்ச உடனே சாப்பிடணும். ஒரு நிமிசம் போனா செத்துப்போச்சுன்னு அவரு சொல்றாரு.”

“ஒண்ணொண்ணா குடுத்தா எப்படி வாப்பா சாப்பிடுறது? இது என்ன, மருந்தா? ஒரு பெரிய தட்டு கொண்டாங்க.”

அலங்காரத்துக்கு நிறுத்தி வைத்திருந்த கறுப்புத் தாம்பாளம் ஒன்று வந்தது. மூன்று தாள்களில் இருந்ததையும் காக்கா அதில் கவிழ்த்தார். பிறகு வந்த மீன், தாமரைத் தண்டு, காளான் எல்லாம் அதன் மேலேயே ஏறின. ஜப்பான்காரரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தான் பெற்ற பிள்ளையை வேறு யாரோ அடிப்பதைப் பார்க்கிறவர் போல நின்றார். ஆனாலும் பொரிப்பதை நிறுத்தவில்லை.

செல்வராஜுக்குப் பொறுமை போய்விட்டது. “காக்கா, காசு வாங்க வந்துட்டு பஜ்ஜிக்குக் காவல் காக்குறோம். ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?”

“இரு ஓய். அவரு சாப்பிட்டாரான்னு கேளுங்க மேனேஜர்.”

மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். ஜப்பான்காரர் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லி முடித்துவிட்டுச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு எங்களுக்குச் சொன்னார்.

“சாப்பிடலியாம். அவருக்கு மூணு மாசமா சம்பளம் இல்ல காக்கா. எனக்கு நாலு மாசம். முதலாளி நாட்டை விட்டுப் போய் பத்து நாளாச்சு. உங்க இறால் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதைத்தான் உங்களுக்கே... வெறுங்கையோட அனுப்ப மனசு வரல.”

காக்கா இப்போது எழுந்து சத்தம் போடுவார், மேசையைக் குத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப அடுப்பை அமத்தச் சொல்லுங்க. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க” என்றார் காக்கா.

ஜப்பான்காரர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் காக்கா முதலில் கை வைத்தார். ஐந்து கையும் தாம்பாளத்துக்குள் போயின. எல்லாம் ஆறி நமத்துப்போயிருந்தது. ஜப்பான்காரர் குச்சியைத் தேடவில்லை. விரலால் ஓர் இறாலை எடுத்துத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இறால் நல்ல இறாலாம் காக்கா” என்றார் மேனேஜர்.

“நல்ல சாமான்தானே நான் குடுத்தேன்?” என்றார் காக்கா. அன்றைக்கு அவர் கேட்ட பாக்கி அவ்வளவுதான்.

திரும்பும்போது செல்வராஜ் வேனை மெதுவாக ஓட்டினான். “காக்கா, இப்பவே ஏர்போர்ட்டுக்கு விடட்டுமா? வண்டியை அங்கேயே போட்டுட்டு ஏறிடுங்க. எல்லாப் பயலும் அதத்தான் பண்றான்.”

“நான் ஏறிட்டா மார்க்கெட்காரன் யாரைப் புடிப்பான்? நீங்க ரெண்டு பேரும் என் விசாவுலல்லா இருக்கிய!”

சனிக்கிழமை தெரிந்தவர்கள் கடையெல்லாம் ஏறி இறங்கினார். தனக்குக் கடன் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். எங்களுக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை, செக் பேங்குக்குப் போகிற நேரத்தில், எங்கள் இருவரின் விசாவையும் வேறு கடைகளுக்கு மாற்றும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு முடித்தார். செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. “சாப்பிட்டியளா?” என்று அவர்களையும் கேட்டார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ஜெயிலில் போய்ப் பார்த்தபோது நான் அழுதேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “இங்க ஆறு பேருக்கு ஒரே தட்டு தம்பி. தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்.” ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

ஊரில் குடும்பத்தார் வீட்டில் ஒரு பங்கை விற்றுக் கடனை அடைத்து அவரை வெளியே எடுத்தார்கள்; அப்படியே ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். கடையில் கடைசி மூன்று மாதம் எனக்குச் சம்பளம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் பாக்கிக்காக இப்போது அவர் மாதாமாதம் பஸ் ஏறிச் சாத்தான்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் போய், என் மனைவியிடம் ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறார். கொடுத்த கையோடு அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு, இருமிக்கொண்டே கணக்குச் சொல்கிறார். வேண்டாம் காக்கா என்று சொல்ல நாக்கு வரை வரும். சொல்ல மாட்டேன். பாக்கி தீர்ந்துபோனால் அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன் என்பதுதான் இப்போது என் கவலை. அவர் சொன்ன கணக்குப்படி இந்த மாதத்தோடு இன்னும் பாக்கி, முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.