சமையலறைச் சுவரில் மஞ்சள் சீட்டு

எங்கள் வீட்டுக் காலைப்பொழுதை விஞ்ஞான முறையில் சீர்திருத்தப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. பதில் வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நான் திருந்தவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் போலவே நீங்களும் குழம்பிவிடுவீர்கள்.

நான் ஒரு குடைக் கம்பெனியில் கைப்பிடிப் பிரிவின் மேற்பார்வையாளன். துணிப் பிரிவுக்கு இன்னொருவன். என்னைவிட வயதில் சின்னவன், ஆனால் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் முதலாளி எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்த வேகத்தில், துணியும் கைப்பிடியும் இனிமேல் ஒரே பிரிவு, அதற்கு ஒரே தலைவர் என்று சொல்லிவிட்டார். எங்கள் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பினார். காலையில் செயல்முறை மேம்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு அடிப்படைக் கணக்கியல். நன்றாகத் தேறுகிறவருக்குத் தலைவர் நாற்காலி. மற்றவர் அவருக்குக் கீழே. இப்போதே 'தம்பி' என்கிறவன் தலைவனானால் என்னை என்னவென்று கூப்பிடுவான்? நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அம்புக்குறி. எதைச் சொன்னாலும் பலகையில் ஒரு கட்டம் போட்டு, இன்னொரு கட்டத்துக்கு அம்பு விடுவார். காலை வகுப்பாவது பரவாயில்லை. கணக்கியல் வகுப்பில் என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்றார். வருவதை வரவு என்றே சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று எழுந்து கேட்டேன்.

"அது அப்படித்தான் சார். வாங்கறவர் பற்று, கொடுக்கறவர் வரவு. ஒரு இடத்துல குறைஞ்சா இன்னொரு இடத்துல கூடியிருக்கும். எதுவும் காணாமப் போகாது" என்றார்.

எனக்கென்னவோ நானே காணாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் துணிப் பிரிவுக்காரன் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் வீட்டுப்பாடம் வந்தது. ஏதாவது ஒரு வேலைமுறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடக்கும் இடத்துக்குப் போய் நின்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வீணானதைக் களைந்து புதிய முறையை மூன்று நாள் நடத்திக் காட்ட வேண்டும். கடைசியில் அந்த வேலைமுறைக்குச் சொந்தக்காரர் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. துணிப் பிரிவுக்காரன் உடனே தன் வெட்டுமேசையை எடுத்துக்கொண்டான். என் கைப்பிடி இயந்திரமோ பழுதாகி, பிரித்துப் போட்டுக் கிடந்தது. எனக்கு மிஞ்சியது வீடுதான்.

உங்களிடம் மட்டும் ஒரு உண்மை. வீட்டை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. காலையில் எங்கள் வீட்டில் எனக்கு ஒரே ஒரு வேலை. மூன்று பேர் துணிக்கும் இஸ்திரி போடுவது. என் துணி, மனைவியின் துணி, மகளின் பள்ளிச் சீருடை. அந்த ஒன்றையும் விஞ்ஞானத்தின் பெயரால் மனைவி தலையில் கட்டிவிட்டால், நாற்காலியும் கிடைக்கும், தூக்கமும் கிடைக்கும்.

என் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. வலியில் துடித்துக்கொண்டு வருகிறவர்களை நாளெல்லாம் உட்கார வைக்கிறவள். அவளை நான் சாதாரணமாக எடைபோட்டிருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஒரு பேனாவும் மஞ்சள் சீட்டுக் கட்டுமாகச் சமையலறையில் போய் நின்றேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நின்னு கவனிக்கணும். விதி."

"கவனிங்க. வழியில மட்டும் நிக்காதீங்க."

அவள் நறுக்கினாள், கிளறினாள், மகளின் ஒற்றைக் காலுறையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தாள், தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள், டப்பாக்களை மூடினாள். நான் எழுதித் தள்ளினேன். திடீரென்று ஒரு காட்சியைக் கண்டு மெய்சிலிர்த்தேன். பாத்திரம் கொதி வருவதற்காக அவள் கரண்டியோடு சும்மா நின்றுகொண்டிருந்தாள். காத்திருத்தல். வீண் செலவுகளிலேயே மோசமானது என்று அம்புக்குறி சிவப்பு மையில் எழுதிய அதே காத்திருத்தல், என் வீட்டில், என் கண் முன்னால்.

அன்று சாயங்காலமே இஸ்திரி மேசையைத் தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். சுவரில் சீட்டுகளை வரிசையாக ஒட்டினேன்.

"இது என்னங்க?"

"உன்னோட நேரத்தை மிச்சம் பண்றேன்."

"இஸ்திரி மேசை ஏன் இங்க வந்துது?"

"கொதி வர்ற வரைக்கும் நீ சும்மாதானே நிக்கறே? அந்த நேரத்துல ரெண்டு இழுப்பு. நடக்கற தூரமும் குறையும்."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"இத்தனை நாள் இஸ்திரி போடறதுக்கு நான் எவ்வளவு தூரம் நடந்தேன்?"

யோசித்தேன். அவள் நடந்ததே இல்லை. நான்தான் நடந்துகொண்டிருந்தேன். எங்கேயோ கணக்கு இடித்தது.

"அதெல்லாம் போகப் போகப் புரியும். சீட்டுல இருக்கற மாதிரியே செஞ்சா போதும். சொந்தமா ஒரு படி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ சந்தோஷமாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் கருகல் வாசனைதான் என்னை எழுப்பியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மனைவி அடுப்பில் நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தாள். மேசைமேல் என் நீலச் சட்டை. பயிற்சியின் கடைசி நாளுக்கென்று வைத்திருந்த சட்டை. அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"நீங்க சொன்னதைத்தான் பண்ணியிருக்கேன். இந்தச் சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வை."

"அடுத்தது?"

"கொதி வந்ததும் அடுப்புக்குப் போ."

"நடுவுல, பெட்டியை எடுன்னு எங்கேயாவது இருக்கா?"

"அதைக்கூடவா எழுதணும்?"

"சொந்தமா ஒரு படி கூட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குக் கை துடிச்சுதுங்க. விதின்னு அடக்கிக்கிட்டேன்."

சீட்டை இன்னொரு தடவை படித்தேன். தப்பு அவள்மேல் என்று மனம் சொல்லியது. சீட்டு என் கையெழுத்தில் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்த பெரிய ஆயுதத்தை எடுத்தேன். எந்தக் கோளாறானாலும் அடுத்தடுத்து ஐந்து முறை ஏன் என்று கேட்டால் ஆணிவேர் தெரிந்துவிடும் என்பார் அம்புக்குறி.

"உட்காரு. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. காலையில நமக்கு ஏன் லேட்டாகுது?"

"துணி இஸ்திரி ஆகியிருக்காது."

"ஏன்?"

"இஸ்திரி போடறவர் எழுந்திருக்க மாட்டார்."

"ஏன்?"

"ராத்திரி லேட்டாப் படுப்பார்."

"ஏன்?"

"போன்ல வீடியோ பார்ப்பார்."

நான் நிறுத்திக்கொண்டேன்.

"இன்னொரு ஏன் பாக்கி இருக்குங்க" என்றாள்.

"ஏன்?"

"காலையில சீக்கிரம் எழுந்திருக்கறது எப்படின்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் மகள் களுக்கென்று சிரித்தாள். அவளுக்கு அன்று கசங்கிய சீருடைதான்.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றேன். "மனுஷனைக் குத்தம் சொல்லக் கூடாது. முறையைத்தான் சொல்லணும். வகுப்புல தெளிவாச் சொன்னாங்க."

"நல்லது. அப்ப, உங்க முறை சரியில்லை."

அன்று ஆபீசில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துணிப் பிரிவுக்காரன் வெட்டுமேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, மூன்று நாளையும் முடித்து, கையெழுத்தும் வாங்கிவிட்டான். "என்ன தம்பி, எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று விசாரித்தான். கருகல் வரைக்கும் வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து பார்த்தால், சுவரில் சீட்டுகள் வேறு மாதிரி இருந்தன. நான் ஒட்டியது ஒரே வரிசை. இப்போது இரண்டு வரிசை. இடது பக்கம் மூன்றே சீட்டு. வலது பக்கம் கூரையிலிருந்து இடுப்பு வரை.

"யாரு மாத்தினது?"

"ஆவியில எல்லாம் உதிர்ந்துடுச்சு. ஞாபகம் இருக்கற மாதிரி ஒட்டினேன்."

"இடது பக்கம் யாரு?"

"நான்."

இடது பக்கத்தைப் படித்தேன். நறுக்கு. கிளறு. காத்திரு. வலது பக்கத்தில் எழுந்திரு, இஸ்திரி போடு, பாட்டிலை நிரப்பு, காலுறையைத் தேடு, டப்பாக்களை மூடு, குப்பையை வெளியே வை.

"இதெல்லாம் உன் வேலையாச்சே?"

"அப்படி எங்கே எழுதியிருக்கு?"

ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தேன். யார் செய்ய வேண்டும் என்று ஒன்றில்கூட எழுதவில்லை.

"காத்திருக்கறதை ஒழிக்கறதுக்குத்தானே இவ்வளவும்? அதை ஏன் திரும்ப ஒட்டினே?" என்றேன்.

"அது உங்க கையெழுத்துதானே? கிழிச்சுப் போட மனசு வரலை."

"இந்த முறைக்குச் சொந்தக்காரர்னு உன்கிட்டத்தான் நான் கையெழுத்து வாங்கணும், தெரியுமா?"

"தெரியும். உங்க பயிற்சிப் புத்தகத்தைப் படிச்சேன். மூணு நாள் ஒழுங்கா நடக்கட்டும். உட்காருங்க, அப்புறம் கூப்பிடறேன்."

ஆஸ்பத்திரியில் எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரலில் சொன்னாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூன்று நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இருட்டோடு எழுந்தேன். ஒரு வேலை முடிந்து நிமிர்ந்தால் சுவரில் அடுத்த சீட்டு நின்றது. காலுறை என்பது இரண்டு இருக்க வேண்டிய பொருள், ஆனால் எப்போதும் ஒன்றுதான் அகப்படும் என்று தெரிந்துகொண்டேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று நாளும் மூன்று பேரும் நேரத்துக்குக் கிளம்பினோம். அதுதான் எனக்கு இன்னும் கோபம். கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, "வலிக்கலையே?" என்று கேட்டாள்.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. துணிப் பிரிவுக்காரனுக்குப் பலத்த கைதட்டல். அடுத்து நான் போனேன். இருக்கிற ஒரே நல்ல சட்டை அந்த நீலச் சட்டைதான் என்பதால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பேசினேன். மனைவியின் கையெழுத்தைக் காட்டினேன். அம்புக்குறிக்கு மகா சந்தோஷம்.

"பிரமாதம் சார். வீட்டம்மாவுக்குத் தினமும் முக்கால் மணி நேரம் மிச்சம்னு போட்டிருக்கு. இப்ப ஒரு கணக்கியல் கேள்வி. அந்த முக்கால் மணி நேரம் எங்கே போச்சு? பலகையில பதிவு போட்டுக் காட்டுங்க."

பலகைப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. வகுப்பே முதுகைப் பார்த்தது.

"தம்பி, முதுகுல என்ன?" என்றான் துணிப் பிரிவுக்காரன்.

"அதுதான் பழைய முறை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அம்புக்குறி மேசையைத் தட்டினார். "பார்த்தீங்களா, முன்னே எப்படி இருந்துதுன்னு ஆதாரத்தோட வந்திருக்கார்."

நான் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அந்த நேரத்து வேலை அவளிடமிருந்து கிளம்பி நேராக என்னிடம் வந்துவிட்டது. கொடுத்தவள் அவள், வாங்கியவன் நான். இத்தனை நாள் மண்டையில் ஏறாதது அந்த நொடியில் ஏறியது. என் பெயரை எழுதிப் பற்று என்று போட்டேன். அவள் பெயரை எழுதி வரவு என்று போட்டேன். இரண்டு பக்கமும் சரியாக நின்றது. சாக்கட்டியைக் கீழே வைத்தேன்.

நாற்காலி எனக்கே கிடைத்தது. துணிப் பிரிவுக்காரன் அன்றே "அண்ணே" என்றான். காதில் தேன் பாய்ந்தது. வெளியே வரும்போது அம்புக்குறி கையைக் குலுக்கி, "மேம்பாடு பழையபடி சரியக் கூடாது சார். ஆறு மாசத்துக்கு, மாசா மாசம் உங்க வீட்டம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்பேன். அவங்க திருப்தின்னு சொன்னாத்தான் உங்க பதவி நிரந்தரம். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

இன்று காலையும் இஸ்திரி போட்டேன். முதலில் அவள் புடவை, அப்புறம் சீருடை, கடைசியில் என் சட்டை. பாத்திரம் கொதி வருவதற்குள் மனைவி சமையலறை நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் டீ.

"என்ன, ஹாயா உட்கார்ந்துட்டே?"

"வேலை நடக்கற இடத்துக்கு வந்து கவனிக்கறேங்க. விதி."

கடைசியாக ஒரு பிடி கிடைத்ததென்று நிமிர்ந்தேன். "புத்தகத்துல நின்னுதான் கவனிக்கணும்னு போட்டிருக்கு."

அவள் ஒரு வாய் டீ குடித்தாள்.

"நாற்காலி போட்டேன் இல்ல, அதுதாங்க மேம்பாடு."