பதினேழாம் இலக்க முட்டை

முட்டையிலிருந்து குஞ்சு வெளிவருவதற்கு மூன்று விடயங்கள் அவசியம்: வெப்பம், ஈரம், குடும்ப மானம். முதல் இரண்டையும் விஞ்ஞானம் கொடுக்கும். மூன்றாவதைக் கொடுக்கத் தகுதியுள்ள குடும்பங்கள் இந்தத் தீவில் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று தன்னாமுனையில், வாவியைப் பார்த்த வீதியில், என் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது.

நான் ஹெக்டர். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக முப்பத்தொரு வருடம் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். பிறப்புப் பதிவுக்கு வந்த எவரிடமும் "தகப்பன் ஆர்?" என்று கேட்காமல் நான் பேனாவைத் திறந்ததே இல்லை. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வளவைச் சுற்றி ஆறடித் தகரவேலி உண்டு. அது கள்ளருக்காக அடித்ததல்ல, நல்லரத்தினத்துக்காக அடித்தது. பக்கத்து வளவுக்காரரான நல்லரத்தினம் வாவியில் இறால் பிடிப்பவர். பூசைக்குப் பிந்தாதவர். உரத்துப் பேசாதவர். அவரில் குறை ஒன்றும் அகப்படாதபடியால் நான் அவருடைய தகப்பனாரிடம் குறையைத் தேட வேண்டி வந்தது. நாற்பது வருடங்களுக்கு முன் கோயில் திருநாளில், மாதாவின் சுருவச் சிலையை வைத்துச் சுமந்து சென்ற கூட்டின் முன்கொம்பு எங்கள் குடும்பத்தின் தோளில் இருந்தது. என் தகப்பனார் மூக்குச் சிந்துவதற்காகச் சற்று விலகினார். அந்த அரை நிமிடத்தில் நல்லரத்தினத்தின் தகப்பனார் கொம்பைத் தன் தோளில் வாங்கிவிட்டார். கூடு சரியாமல் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது. நாங்கள் அதை 'அத்துமீறல்' என்று பதிந்துகொண்டோம்.

நல்லரத்தினத்திடம் ஒரு சேவலும் ஒரு மகனும் உண்டு. சேவலுக்குக் கழுத்தில் ஓர் இறகும் கிடையாது. பிறவியிலேயே அப்படி ஓர் இனம். மகன் ஜொய்சன் மின்சார வேலை செய்பவன். இருவரும் எங்கள் வேலியைப் பார்த்தபடி நிற்பதை வழக்கமாகக் கொண்டவர்கள்.

வேலிக்கு உள்ளே எங்களிடம் ஐந்து பெட்டைக் கோழிகளும் ஒரு மகளும். கோழிகளைப் பொறுத்தவரை, இரண்டு வருடங்களாகப் பிறத்தியார் சேவல் ஒன்றும் எங்கள் வளவுக்குள் கால் வைத்ததில்லை. மகளைப் பொறுத்தவரையும் நிலைமை அதுவே.

டினுஷா விஞ்ஞான ஆசிரியை. வயது முப்பத்திரண்டு. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். ஆகவே மருமகனைத் தெரிவுசெய்வது என்பது வளவுக்குள் ஒரு நிரந்தரக் குடியிருப்பாளரை அனுமதிப்பதாகும். ஏழு பேரைப் பரிசீலித்தேன். ஒருவர் தேநீரை ஊதிக் குடித்தார். ஒருவர் என் பெயர்ப்பலகையை வாசிக்காமலே உள்ளே வந்தார். ஐந்தாமவரிடம் எந்தக் குறையும் காணப்படவில்லை. அது பலத்த சந்தேகத்துக்குரியது. ஏழு பேரும் நிராகரிக்கப்பட்டார்கள். எட்டாமவர் திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர், நாற்பத்தெட்டு வயது. அவர் எழுதிய கடிதத்தில் இடப்பக்க ஓரம் சரியாக ஓர் அங்குலம் விடப்பட்டிருந்தது. நான் கண்கலங்கினேன்.

"அப்பா, எனக்கு ஜொய்சனைத்தான் பிடிச்சிரிக்கு" என்றாள் டினுஷா.

"வேலி இரிக்கு" என்றேன் நான். கூட்டம் முடிவுற்றது.

இப்படியான வேளையில்தான், வீட்டிலேயே குஞ்சு பொரிக்கும் மெஷின் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஓட்டமாவடி நௌஷாட் அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். பாரமில்லாத வெள்ளை றெஜிபோமில் ஒரு பெட்டி, ஒரு பல்ப், ஒரு காற்றாடி, ஒரு தண்ணீர்த் தட்டு, வெப்பத்தைக் காட்டும் ஒரு சின்னத் திரை. கூடவே ஒரு விளம்பரத் தாள்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டா?" என்றார் நௌஷாட். "உங்கட ஊட்டுல சாவல் நிக்கிதா?"

"நௌஷாட், இது மரியாதையான வீடு."

"அதுக்கில்ல ஐயா. சாவல் இல்லாட்டி..."

"உம்மட தாளில முதல் வரியை வாசியும்."

"'தாய்க்கோழி தேவையில்லை!'"

"தாயே தேவையில்லை எண்ட பிறகு, தகப்பனைப் பற்றி என்ன கதை?"

நௌஷாட் வாயைத் திறந்தார். என் பெயர்ப்பலகையைப் பார்த்தார். வாயை மூடினார். "சரி ஐயா. பெட்டியில ஒரு குறையுமில்ல. அதை மட்டும் எங்கயாச்சும் எழுதி வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தை விட வேகமாகப் போய்விட்டார்.

அன்று மாலையே 'இல்ல அடைகாப்பு முகாமைத்துவக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நான். செயலாளர் என் மனைவி செசீலியா. பார்வையாளர் டினுஷா; பார்வையாளருக்குப் பேச அனுமதியில்லை. அவள் பேசினாள்.

"அப்பா, முட்டை பொரிக்கோணுமெண்டா முதல்ல..."

"பிள்ள, விஞ்ஞானத்தைப் பள்ளிக்கூடத்தில படிப்பி."

அவள் முகத்தில் ஒரு பணிவு வந்தது. அதை அப்போதே நான் விசாரித்திருக்க வேண்டும்.

"அப்ப ஒரு ஒப்பந்தம் போடுவம். இருபத்தொரு முட்டையில பாதிக்கு மேல பொரிச்சா, நான் திருகோணமலையாரைக் கட்டுறன். வாயே திறக்க மாட்டன்."

"பொரிக்காட்டி?"

"நீங்க நல்லரத்தினம் மாமா வீட்டுக்குப் போய் மாப்பிள்ளை கேக்கோணும். முன்வாசலால. முழுக்கைச் சேர்ட் போட்டு."

எங்கள் பக்கத்தில் பெண்வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்பது வழக்கம். ஆனால் அந்த வாசலுக்கு என் குடும்பம் நாற்பது வருடமாகப் போனதில்லை. செசீலியா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாயல்லவா, அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு பிரதிகளில் கையொப்பமிட்டோம்.

ஐந்து கோழிகளும் அந்த வாரம் இட்ட இருபத்தொரு முட்டைகளுக்கும் பென்சிலால் இலக்கமிட்டேன். ஒரு புதிய பதிவேட்டைத் திறந்தேன். இலக்கம், இட்ட திகதி, தாயின் பெயர். பழக்கதோசத்தால் 'தகப்பன் பெயர்' என்றும் ஒரு நிரல் கீறிவிட்டேன். அதில் இருபத்தொரு தடவை 'பொருந்தாது' என்று அழகாக எழுதினேன். பதினேழாம் இலக்கத்தின் தாய், சிவப்பி என்று நாங்கள் கூப்பிடும் கோழி. அந்த வாரம் முழுவதும் அவள் இட்டது ஒரே ஒரு முட்டை. மீதி நேரம் ஆளைக் காணக் கிடைப்பதில்லை.

கோயில் மணி அடிக்கும் மூன்று வேளையும் முட்டைகளைப் பிரட்டினோம். திரையில் முப்பத்தேழு தசம் ஏழு. தட்டில் தண்ணீர். இவ்வளவு ஒழுங்காக என் கந்தோர்கூட இயங்கியதில்லை.

ஏழாம் நாள் 'உள்ளகப் பரிசோதனை'. யன்னல்களைச் சாத்தி, ஒவ்வொரு முட்டையாக டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தாள் டினுஷா. முதலாம் இலக்கம் பளிங்கு போல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒரு புள்ளியில்லை, ஒரு கறையில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பாத்தியா பிள்ள? வளர்ப்பு."

"ஓம் அப்பா. சுத்தமா ஒண்டும் இல்ல."

பதினேழாவது முட்டையில் மட்டும் நடுவில் ஒரு கரும்பொட்டு. அதைச் சுற்றிச் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள். பொட்டு அசைந்ததையும் கண்டேன்.

"இது கெட்டுப் போச்சுது" என்று தீர்ப்பளித்தேன். "மற்றதுகளையும் கெடுக்கும். எடுத்து எறிங்க."

டினுஷாவின் கை சட்டென்று முட்டையை மூடிக்கொண்டது. குரல் வந்தது செசீலியாவிடமிருந்து.

"இஞ்ச பாருங்க, இருபத்தொண்டு எண்டு ஒப்பந்தத்தில எழுதியாச்சு. ஒண்டு குறைஞ்சா ஒப்பந்தம் செல்லுமா?"

சட்டப்படி அது நியாயமான ஆட்சேபம். பதினேழாம் இலக்கம் மன்னிக்கப்பட்டு, மற்ற முட்டைகளோடு சேராதபடி ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. திரையில் இலக்கம் இறங்கத் தொடங்கியது. நான் பெட்டியைப் போர்வையால் மூடி, செபமாலையையும் எடுத்தேன். வேலிக்கு அப்பாலிருந்து ஜொய்சனின் குரல் கேட்டது.

"ஐயா, எங்கட வீட்டில பெற்றரி இரிக்கு. வயர் ஒண்டு தாறன். நான் வரமாட்டன், வயர் மட்டும் வரும்."

குழு அவசரமாகக் கூடி, வயருக்குக் குடும்பம் கிடையாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆறடித் தகரத்தில் வயரை எந்த வழியால் விடுவான் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், கிணற்றடி வாழைக்குப் பின்னாலிருந்து வயர் உள்ளே வந்துவிட்டது. அவன் வழியைத் தேடவே இல்லை.

இருபத்தோராம் நாள் சனிக்கிழமை. விறாந்தையில் கதிரைகள் போடப்பட்டன. பங்குச் சுவாமியார் ஆசீர்வதிக்க வந்தார். நௌஷாட்டும் வந்தார், படலைக்குக் கிட்டவே, ஓடத் தயாரான நிலையில் நின்றார். வேலிக்கு மேலால் நல்லரத்தினத்தின் தலையும் ஜொய்சனின் தலையும் தெரிந்தன. இருக்கட்டும், வெற்றிக்குச் சாட்சி வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

காலை பத்து மணிக்கு மூலையிலிருந்த பதினேழாம் இலக்கத்தில் ஒரு கீறல் விழுந்தது. மற்ற இருபதும் மிகுந்த கட்டுப்பாட்டுடன் இருந்தன. பன்னிரண்டு மணிக்குப் பதினேழாம் இலக்கம் உள்ளிருந்து கத்தியது. இருபதும் மௌனம் காத்தன. இரண்டு மணிக்கு அது ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்து, காய்ந்து, எழுந்து நின்று எங்களைப் பார்த்தது.

அதன் கழுத்தில் ஒரு மயிர்கூட இல்லை.

பக்கத்து வளவில் சேவல் ஒரு தடவை கூவியது.

"ஐயா," என்றார் நல்லரத்தினம், வேலிக்கு மேலால், மிகவும் பணிவாக. "குஞ்சுக்கு எங்கட வீட்டுக் கழுத்து."

"ஹெக்டர், இருபதும் ஏன் பொரிக்கல்ல?" என்று சுவாமியார் கேட்டார்.

"பாதர், நான் அண்டைக்கே சாவலைக் கேட்டன்" என்றார் நௌஷாட் படலையடியிலிருந்து. "ஐயா தேவையில்ல எண்டிட்டார்."

சுவாமியாருக்கு இருமல் வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

நான் செசீலியாவின் பக்கம் திரும்பினேன். "வாழைக்குப் பின்னால வேலியில ஓட்டை போட்டது ஆர்?"

"நான்தான்" என்றாள். "இறால் கறிக் கிண்ணம் போய்வாற அளவுக்குத்தான் வெட்டினன். சிவப்பி போவாள் எண்டு கண்டனா?"

"எந்த இறால் கறி?"

"நீங்க ஞாயிறு ஞாயிறா ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டு, 'எங்கட குடும்பக் கைப்பக்குவம்' எண்டு சொல்லுவீங்களே, அது."

டினுஷா ஒப்பந்தத்தின் தன் பிரதியை மடித்த மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்துவிட்டு, குஞ்சை இரண்டு கையாலும் ஏந்தினாள். "டோர்ச் அடிச்சுப் பாக்கும்வரைக்கும் எனக்கும் பயம்தான் அப்பா" என்றாள். முதல் ஏழு நாளும் அவளுக்குப் பயம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வேலியில் இன்னும் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றனவோ, எல்லாவற்றாலும் கோழிகள் போயிருந்தால் என்ன ஆவது என்ற பயம்.

செசீலியா என் முழுக்கைச் சேர்ட்டுக்கு இஸ்திரி போடத் தொடங்கினாள். அந்த இடைவேளையில் நான் பதிவேட்டைத் திறந்தேன். நான் தோற்றாலும் பதிவு தோற்கக்கூடாது.

பதினேழாம் இலக்கத்துக்கு எதிரே 'பொருந்தாது' என்று இருந்ததை ஒரே கோட்டால் வெட்டி, 'நல்லரத்தினம் வீட்டுச் சேவல்' என்று எழுதி, திருத்தத்துக்கு ஒப்பமும் இட்டேன். மீதி இருபதும் சிக்கலாக இருந்தன. பிறக்காதவர்களுக்கு மரணப் பதிவு செய்யச் சட்டம் இடந்தராது. ஆகவே ஒரு புதிய நிரலைக் கீறினேன்: 'பிறக்காமைக்கான காரணம்'.

வெப்பம் சரியாக இருந்தது. ஈரம் சரியாக இருந்தது. மெஷினில், நௌஷாட் சொன்னபடி, ஒரு குறையுமில்லை. மிஞ்சியது நான் கொடுத்த மூன்றாவது விடயம் மட்டுமே.

செசீலியா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இருபதோட நிப்பாட்டிட்டீங்க?"

"இருபதுதானே பொரிக்கல்ல."

"ஏழு மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பினீங்க. அதில ஒண்டாவது சரிவந்திருந்தா, இந்த விறாந்தையில இண்டைக்குக் கோழிக்குஞ்சைப் பாக்கவா கூடியிருப்பம்? எங்கட பேரப்பிள்ளையளுக்கும் ஒரு வரி விடுங்க."

நான் ஒரு வரி விட்டேன். பிறகு நிரல் முழுவதற்கும் பொதுவாக ஒரு நீண்ட அடைப்புக்குறி போட்டு, முப்பத்தொரு வருடமாக எழுதிய அதே கையெழுத்தில் பூர்த்தி செய்தேன்.

காரணம்: குடும்ப மானம்.

அறிவித்தவர்: ஹெக்டர், ஓய்வுபெற்ற பதிவாளர்.

பிறக்காதவர்களுக்கு உறவுமுறை: அம்மப்பா.