ஒன்று புள்ளி நான்கு ஒன்று

லக்ஷ்மிபாய் நகர்,
புது டெல்லி,
12.3.1987

மதிப்பிற்குரிய மச்சான் கருப்பசாமி அவர்களுக்கு, சிவஞானம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை செல்லம்மாளும் சௌக்கியம். அங்கே வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க நெல்லையப்பர் துணை.

நான் ஓய்வு பெற்றபோது கம்பெனியில் கொடுத்த கேடயத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, அதில் 1.41 என்று பொறித்திருக்கிறதே, உடம்பில் ஏதாவது குறைந்துவிட்டதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணைச் சொல்ல நாலு வருஷம் பின்னால் போக வேண்டும். போவதில் எனக்கும் ஒரு சந்தோஷம்.

ஓக்லாவில் எங்கள் தொழிற்சாலையில் டெலிவிஷனுக்கான சர்க்யூட் போர்டுகள் செய்தோம். பாகங்களைச் செருகி, ஈயம் பற்றவைத்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கட்டரால் நறுக்க வேண்டும். மிஞ்சும் கம்பி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, இரண்டைத் தாண்டவும் கூடாது. அதை அளந்து பார்ப்பது என் வேலை. 1983-ல் போர்டு வாங்குகிறவர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். நல்லதைப் பொறுக்கி அனுப்பினால் போதாது, உங்கள் வேலைக்கே அந்த அளவுக்குள் நிற்கிற திறன் உண்டா என்று கணக்கிட்டுக் காட்டுங்கள் என்றார்கள். அனுமதித்த அகலத்தை நம் கை அலைகிற அகலத்தால் வகுக்க வேண்டும். டி.டி.சி. டெப்போ வாசலின் அகலத்தை, நுழைகிற பஸ் ஆடுகிற அகலத்தால் வகுப்பது மாதிரி. ஒன்று வந்தால் பஸ் தூணை உரசிக்கொண்டு நுழைகிறது என்று அர்த்தம். 1.33 வந்தால்தான் ஆர்டர். ஐம்பது போர்டுகளை அளந்தேன். 0.68 வந்தது. மேனேஜர் சோப்ரா என் காதருகே குனிந்து, "சிவஞான்ஜி, அச்சே வாலே நாப் லோ" என்றார். நல்லதாகப் பார்த்து அளக்க வேண்டுமாம். அப்படி அளந்தால் அது அளவு இல்லை, ஆசை என்றேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நறுக்குகிற எட்டுப் பெண்களில் யார் கை அலைகிறது என்று ஒவ்வொருத்தியின் போர்டையும் தனித்தனியாக அளந்தபோது, பவுனு நறுக்கிய கம்பிகள் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து குடிசையில் இருந்த தினக்கூலிப் பெண் அவள். பக்கத்தில் நின்று பார்த்தேன். உடைந்த பிளாஸ்டிக் வளையல் துண்டு ஒன்றைப் போர்டில் வைத்து, அதன்மேல் கட்டரைப் படுக்க வைத்து நறுக்கினாள். அதற்குக் கீழே கட்டர் இறங்காது, மேலேயும் போகாது. மகிழ்ந்துபோய் அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. வேலையிடத்தில் வளையல் கூடாதென்று விதி இருந்தது. மறுநாள் காலை சோப்ரா அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். "நீங்க எழுதினதாலதானுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையே சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு டஜன் வளையல் வாங்கினேன். எட்டுப் பேருக்கும் அதே மாதிரி துண்டு செய்து கொடுத்து, அவள் முறை சரியென்று நிரூபித்துவிட வேண்டும் என்பது என் யோசனை. வெர்னியர் அளவுகோலால் அளந்து அளந்து நான் வாங்கியதைப் பார்க்க வளையல்காரனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை பையைத் திறந்தாள். "இது யாருக்கு வாங்கினிய?" என்றாள். "பவுனுக்கு" என்றேன். ஐம்பத்து நாலு வயதில் இதைவிட மோசமான பதிலை ஒருவன் சொல்லியிருக்க முடியாது. பவுனு யார் என்று நான் விளக்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு, "கிளம்புங்க, நானும் வாறேன்" என்றாள்.

பவுனு என் வளையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது தடிச்சிருக்குதுங்க. என்னோடது ரெண்டு வருசமா தேஞ்சதுங்கய்யா" என்றாள். அவ்வளவுதான், ரெண்டு பேரும் குடிசை வாசலில் உட்கார்ந்து கல்லில் வளையலைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். லோதி ரோடு ஆபீசில் ஃபைல் தவிர எதையும் தொடாத உங்கள் தங்கையை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவர்கள் தேய்க்கத் தேய்க்க நான் அளந்தேன். "சரியா வந்துச்சா?" "இன்னும் கொஞ்சம்." ராத்திரி ஒன்பது மணிக்குள் விளக்கு வெளிச்சத்தில் எட்டுத் துண்டுகள், எல்லாம் ஒன்றரை மில்லிமீட்டர். ரிப்போர்ட்டைத் திருத்தி, வளையல் என்ற சொல்லை அடித்து 'உயரக்கட்டை' என்று போட்டேன். பவுனு வந்து சொல்லிக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அது பழகும் என்று சோப்ராவிடம் பிடிவாதமாக நின்றேன். நாலாம் நாள் அவளைக் கூப்பிட்டார். இரண்டு வாரம் கழித்து, வாங்குகிறவர்களின் ஆபீசர் எதிரிலேயே ஐம்பது போர்டுகளை அளந்தேன். 1.41. அவர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். பவுனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அன்றைக்கு அந்தக் கூடத்தில் எட்டுக் கட்டர்களும் ஒரே மாதிரி சத்தம் போட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தக் காலமெல்லாம் முடிந்தது. உங்கள் தங்கையும் இம்மாதம் ஓய்வு பெறுகிறாள், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதி ஜி.டி. எக்ஸ்பிரஸில் நிரந்தரமாகக் கிளம்பி வருகிறோம். பாளையங்கோட்டை வீட்டில் குடியிருப்பவரைப் பக்குவமாகச் சொல்லிக் காலி செய்யவைத்து, வெள்ளையடித்து வையுங்கள். டெல்லியில் எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை. பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிவஞானம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பவுனு வந்தாள். நொய்டாவில் கம்பெனியின் புதுக் கூடத்துக்கு அவள்தான் சூப்பர்வைசராம், கீழே நாற்பது பேராம். அளக்க ஆள் வேண்டும் என்றாள். மூன்று தரம் முடியாது என்றேன். உங்கள் தங்கை, "என்னைக்கு வரணும்னு கேளுங்க" என்றாள். நாளைக் காலை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நொய்டாவிலேயே வாடகைக்கு வீடு பார்க்கிறோம். குடியிருப்பவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வெள்ளை மட்டும் அடித்துவிடுங்கள், அது அவருக்காகத்தான் என்று சொல்லிவிடுங்கள்.