வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நெருப்பு

கூட்டம் என்று ஒன்று கூடினால் அதில் ஒரு தலைவர் இருப்பார், அவர் முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும், எல்லாருக்கும் பின்னால் ஒரு பின்வரிசைக்காரர் இருப்பார். தலைவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதித் தள்ளிவிட்டார்கள். போத்தலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மிச்சமிருக்கிற ஜீவனைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். திரும்பித்தான் பார்க்க வேண்டும், முன்னால் வரமாட்டார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். கூட்டத்துக்கு எல்லாரையும்விட முன்னதாக வருவார். எதற்கு? பின்னால் இடம் பிடிக்கத்தான். தூணுக்குப் பக்கத்தில், செருப்பு விடுகிற மூலையில், மின்விசிறிக் காற்று எட்டாத அந்த ஒரு நாற்காலிக்காக அப்படி ஓடி வருவார். “முன்னால வாங்களேன், இடம் கிடக்கு” என்று யாராவது கூப்பிட்டால் பல்வலிக்காரர் மாதிரி ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், பேசமாட்டார். ஆனால் சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு மாநாடே நடக்கிறது. தலைவர் சொன்னதில் எங்கே ஓட்டை, எந்தக் கேள்வியைப் போட்டால் அவர் மடங்குவார், எந்த இடத்தில் சபை சிரிக்கும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் சபை உருகும் என்று எல்லாம் தயார். கைதட்டல்கூட உள்ளேயே கேட்டுவிடும். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் வெளியே தீர்மானம் நிறைவேறி, டீ வந்திருக்கும். பேச்சை அவர் வீணாக்குவதில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் மாடிப்படியிடம் பேசுவார். மாடிப்படி இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். யாங்கோனில் பிறந்தவருக்கு அதைவிட அழகான சொல் கைவசம் இருக்கிறது. பர்மியர்கள் ‘ஆனாதே’ என்பார்கள். அடுத்தவர் முகம் வாடிவிடுமே, அவருக்குச் சிரமமாகிவிடுமே என்று கூசி ஒதுங்குகிற குணம். நல்ல குணம்தான். பின்வரிசைக்காரர் அந்த நல்ல குணத்தைப் போர்வையாக இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டு தூங்குவார். போர்வைக்கு வெளியே அவருக்கு வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: ‘யாபாதே’. பரவாயில்லை, ஆகட்டும், சரி, இல்லை, தெரியாது, விடுங்கள் என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று யாங்கோனின் தாகேதா பேட்டையில் குடியிருக்கிறது. பெயர் கோபிகிருஷ்ணன்; தெருவில் கோ கோபி (‘கோ’ என்றால் பர்மியில் அண்ணன் மாதிரி). பபேடானில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பையில் எப்போதும் ஒல்லியான கவிதைப் புத்தகம் ஒன்று இருக்கும்; பேச வேண்டிய கட்டம் வந்தால் அதைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அட்டை சிறியது, முகம் பெரியது. ஆனாலும் ஒளிந்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை.

அவருடைய தெரு ஒடுக்கமானது. பெரிய தீயணைப்பு வண்டி உள்ளே திரும்பாது. வெயில் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு வாசலில் நீண்ட கழியில் கட்டிய இரும்புக் கொக்கி, தீயை அடித்து அணைக்கிற தட்டி, தண்ணீர்ப் பைகள் எல்லாம் தொங்கும். இதெல்லாம் போதாது என்று தெருக்காரர்கள் காசு போட்டு ஒரு பழைய பம்பு வாங்கினார்கள். சிவப்புச் சாயம் அடித்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கோயில் கொட்டகையில் நிறுத்தினார்கள். மோட்டார் ரிப்பேர் செய்யும் பீர் முகைதீன் பம்புக்குத் தளபதி ஆனார். தெருச் சங்கத்தின் தலைவர் தேவராஜ். ஊ தேவராஜ் என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் பெயருக்கு முன்னால் ஊரார் மரியாதையாகச் சேர்க்கிற ‘ஊ’வை இவர் போனில் பேசும்போது தானே சேர்த்துக்கொள்வார்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். மேலே ஒரு பலகைப் பாலம். அந்தப் பக்கம் ஓலைக் கூரை வீடுகள். த்வாண்டேப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலத்தை ஒட்டிய முதல் வீடு பவானியுடையது. முன்னால் சமூசாக் கடை, பின்னால் குடித்தனம், அதற்கும் பின்னால் ஒரு பெரிய குளம்.

கூட்டம் இதற்காகத்தான் கூடியது: அந்தப் பக்கம் தீப்பிடித்தால் பம்பு போகலாமா?

“போகலாம். சந்தா கட்டினா போகலாம்” என்றார் ஊ தேவராஜ். “நம்ம தெருக்காரன் மாசாமாசம் கட்டுறான். வெளியாள் சும்மா அனுபவிக்கலாமா? வெளியாளுக்கு ரெண்டு பங்கு. கட்டலைன்னா பம்பு பலகையோட நிக்கும்.”

“நெருப்பு வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டா?” என்று கேட்டார் பீர் முகைதீன்.

“வந்துட்டா அது நம்ம நெருப்பு, அணைச்சுத்தான் ஆகணும். அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் அவங்க நெருப்பு.”

சபை இதை ஞானம் என்று எடுத்துக்கொண்டது. தூணோரத்தில் கோ கோபிக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே எழுந்து நின்றுவிட்டார். ‘தலைவர் அவர்களே! வெயில் காலத்தில் வாய்க்காலில் சேறுதான் இருக்கிறது. பம்புக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? அந்தப் பக்கத்துக் குளத்திலிருந்துதானே? பம்பு நம்முடையது, தண்ணீர் அவர்களுடையது. அப்படியானால் யார் யாருக்குச் சந்தா கட்டுவது?’ அடடா! என்ன கேள்வி! தன் கேள்வியின் அழகில் தானே சொக்கி, கண்ணை மூடி, ‘ஆமாம், அப்படிக் கேள்’ என்று தனக்குத்தானே பலமாகத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊ தேவராஜ், “யார் வழிமொழியறீங்க?” என்று கேட்டிருந்தார்.

“ஆ! கோ கோபி வழிமொழியறார்! பாருங்க, எவ்வளவு வேகமா ஆட்டறார்!”

கைதட்டல். இந்த முறை வெளியே.

“வழிமொழிஞ்சவரே போய் அந்தப் பக்கத்தில சொல்லிடட்டும். சந்தாவையும் அவரே வாங்கிட்டு வரட்டும். என்ன கோ கோபி?”

“யாபாதே” என்றார் கோ கோபி.

இப்போது நிலைமையைப் பாருங்கள். சொன்னால்தான் பவானிக்குத் தெரியும். தெரிந்தால்தான் கட்டுவாள். கட்டினால்தான் பம்பு பலகையைத் தாண்டும். ஒரு பெண்ணின் கூரையும் அடுப்பும் பிழைப்பும், ஒரு சொல்லுக்கு மேல் தெரியாத நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் சாயங்காலம் போனார். பவானி எண்ணெய்ச் சட்டியில் சமூசாவைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன கோ கோபி, அதிசயமா இந்தப் பக்கம்?”

“இல்ல... வந்து... ரெண்டு சமூசா.”

அதற்கடுத்த நாளும் போனார். பேச்சை மூன்று விதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். ‘வெளியாள்’ என்ற சொல்லை எப்படி வைத்தால் வலிக்காது என்று யோசித்து யோசித்து, அந்தச் சொல் கிட்ட வரும்போதெல்லாம் ஒரு சமூசாவை வாயில் அடைத்துக்கொண்டார். நாளாக நாளாகச் சமூசா கூடியது, சொல் கூடவில்லை.

“நானும் பாக்கறேன், ஏதோ சொல்ல வரீங்க, முழுங்கிட்டுப் போறீங்க” என்றாள் பவானி ஒரு நாள். “இந்தப் பக்கம் உங்களைப் பத்தி வேற மாதிரி பேசிக்கிறாங்க, தெரியுமா?”

கோ கோபியின் முகம் பம்பின் நிறத்துக்கு வந்தது. “யாபாதே” என்று சொல்லிவிட்டு ஓடினார். அது எவ்வளவு தப்பான பதில் என்பது பாலத்தின் நடுவில்தான் உறைத்தது.

வழியில் ஊ தேவராஜ் பிடித்துக்கொண்டார். “சொல்லியாச்சா?”

“யாபாதே.”

“நல்லது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காற்று சுழன்று அடித்தது. பவானியின் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. பவானி மூடியைத் தேடுவதற்குள் தீ எட்டி ஓலையைப் பிடித்தது. அந்தப் பக்கம் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். பீர் முகைதீனும் ஆட்களும் பம்பைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பலகையில் சக்கரத்தை ஏற்றப் போனார்கள்.

“நில்லுங்க!” என்றார் ஊ தேவராஜ். “சந்தா கட்டினவங்களா? தீர்மானம்னா தீர்மானம். கோ கோபி எங்க?”

கோ கோபி வழக்கம்போல் எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். எல்லாரும் திரும்பினார்கள். பின்வரிசை முன்வரிசை ஆவது இப்படித்தான். ஓலை படபடவென்று வெடித்தது. பவானி ஒரு கையில் சட்டி மூடியும் ஒரு கையில் துணிமூட்டையுமாக வெளியே நின்று இந்தப் பக்கத்தையே பார்த்தாள். இத்தனை வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த அத்தனை பேச்சும் கோ கோபியின் தொண்டைக்கு ஏறியது. வாயைத் திறந்தார். குரலும் வந்துவிட்டது.

“தலைவர் அவர்களே! அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே! இந்தத் தீர்மானத்தில் மூன்று குறைகளை நான் காண்கிறேன்...”

“யோவ்!” என்று கத்தினார் பீர் முகைதீன். “கூரை எரியுதுய்யா! பேச்சு அப்புறம் பேசிக்கலாம். கட்டினாங்களா இல்லையா? தலையை ஆட்டு, போதும்!”

கோ கோபி ஆட்டினார். பச்சைப் பொய். ஆனால் வாழ்க்கையில் தெரிந்தே ஆட்டிய முதல் தலையாட்டல் அதுதான்.

பம்பு பலகையைத் தாண்டியது. குழாயைக் குளத்தில் போட்டார்கள். பவானியின் கூரையில் பாதியும் ஒரு சுவரும் போயின. மீதியும் அடுத்த வீடுகளும் தப்பின. சமூசாக்கள் தட்டோடு மிதந்தன.

நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள் பவானி. “நான் என்னமோ சந்தா கட்டினேன்னு பேசிக்கிறாங்க. என்ன சந்தா?”

கோ கோபி தன் கால் பெருவிரலைக் கூர்ந்து பார்த்தார். கடைசியில் பீர் முகைதீன்தான் விஷயத்தை எடுத்துச் சொன்னார்.

“அட பாவி மனுஷா! இதைச் சொல்லத்தான் இத்தனை நாளா என் சமூசாவைத் தின்னீங்களா?”

தலையாட்டல்.

“நல்லா ஆட்டறீங்க. அடுத்த கூட்டத்துக்கு நானும் வரேன்.”

வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஊ தேவராஜ் தொண்டையைக் கனைப்பதற்குள் எழுந்து நின்றாள். “நான் சந்தா கட்டல. அவர் இரக்கப்பட்டு ஆட்டிட்டார். அது கிடக்கட்டும். குளம் எங்க பக்கத்துல இருக்கு. நாங்க அங்க நின்னு பாத்தா வெளியாள் நீங்கதான். தண்ணிக்கு வெளியாள் கட்டணம் எவ்வளவு போடலாம், ஊ தேவராஜ்? ரெண்டு பங்கா?”

தூணோரத்தில் ஒருவருக்கு நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. அது அவருடைய கேள்வி! வார்த்தைக்கு வார்த்தை அவருடையது! மாடிப்படிக்கு மனப்பாடமாகத் தெரியும்! பவானி அதை முன்னுரை இல்லாமல், குரலைத் தாழ்த்தாமல், சும்மா எழுந்து கேட்டுவிட்டாள். இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

ஊ தேவராஜ் போத்தலை முழுவதும் குடித்து முடித்தார். “சரி, பம்புக்கும் காசு வேண்டாம், தண்ணிக்கும் காசு வேண்டாம். இனிமே ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சங்கம். ரெண்டு பக்கமும் போய்ப் பேசறதுக்கு ஒரு செயலாளர் வேணும். யாரைப் போடலாம்?”

கோ கோபி அப்போது இதையெல்லாம் கேட்கவில்லை. இனிமேல் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசிவிடுவது என்று உள்ளே சபதம் எடுத்துக்கொண்டிருந்தார். சபதம் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிப் பலமாகத் தலையாட்டினார்.

செயலாளருக்கு இப்போது முன்வரிசையில் நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே. பாவம், ஜலதோஷம்.

இவ்வளவு உள்விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், யாபாதே. உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாலைந்து இடத்தில் ‘சரியாச் சொன்னான்’ என்று உங்கள் தலை தானாக அசைந்ததே, கவனித்தீர்களா? கொஞ்சம் ஜாக்கிரதை. முன்னால் யாரோ ஒருவர், “யார் வழிமொழியறீங்க?” என்று கேட்டிருக்கப் போகிறார்.