எலி மருந்துக்கு எதற்குப் பூட்டு

அலாரம் மறுபடியும் அலறியபோது கணக்கர் பாதி முகம்தான் ஷேவ் செய்திருந்தார். மீதிப் பாதி நுரையோடு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், அவருடைய ட்ரெய்லர் வண்டியின் கூரைமேல் ஒரு பூனை சுகமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

பூனை அந்தச் சத்தத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. செயலாளர் அப்படிப்பட்டவர் இல்லை.

"சார், ஒண்ணு இந்தச் சனியன் பிடிச்ச அலாரத்தக் கழட்டுங்க, இல்ல வண்டியத் தெருவுக்குத் தள்ளுங்க. எங்க வீட்ல ஒருத்தரும் கண்ணு மூடல."

கணக்கர் நுரையைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? டயர் கம்பெனியில் கணக்கு எழுதுகிற மனுஷர். அவர் உள்ளே வந்தால் ஆபீஸில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் விடுமுறை நாளில் அவர் மேஜிக்காரர். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்த மூடிய ட்ரெய்லருக்குள்தான் அவருடைய உயிரே இருந்தது. ஆளை மறைய வைக்கும் அலமாரி அவரே பலகை அறுத்துச் செய்தது. அந்த வேலையில் நசுங்கிய கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் கோணல். நட்சத்திரம் பதித்த திரை அவர் மனைவி தைத்தது. அப்புறம் குடைகள், வளையங்கள், தொப்பிகள், சங்கிலி.

மேஜிக் சங்கத்து நண்பர் ஒருவரின் வண்டியைச் சமீபத்தில் வீட்டு வாசலிலிருந்தே எவனோ இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த நண்பர் இப்போது ரோஜா வளர்க்கிறார். யாராவது சீட்டுக்கட்டைக் கலைத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கணக்கர் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். சங்கத்தின் ஆண்டு விழா வேறு நெருங்கிவிட்டது. எப்போதும் ஜனங்கள் நாற்காலி தேடும் நேரத்தில் அவரை முதல் ஆளாக மேடையேற்றி அனுப்பிவிடுவார்கள். இந்த முறைதான் கடைசி நிகழ்ச்சியை, சங்கிலியிலிருந்து தப்பிக்கும் வித்தையை, அவருக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த நேரத்தில் வண்டி போனால் அவருக்கு மிஞ்சுவது டயர் கணக்கு மட்டும்தான்.

அலாரம் மைத்துனனின் யோசனை. மனைவியின் தம்பி, வேலை கிடைக்கும்வரை என்று வந்து தங்கியிருந்தான். வேலைதான் அவனுக்குக் கிடைக்கவில்லையே தவிர, யோசனைக்குக் குறைவே இல்லை.

"தெருவுல நிறுத்தினா என்ன மாமா, பூட்டு பெருசா போட்டா எவன் கை வைப்பான்?" என்றான்.

அலாரத்தைக் கழற்றி, வண்டியைத் தெருவில் நிறுத்தி, கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டை வாங்கினார்கள். பளபளவென்று கண்ணைப் பறித்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே என்ன என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

அதற்கும் மைத்துனனிடம் மருந்து இருந்தது. வண்டியின் இரண்டு பக்கமும் 'எலி, கரப்பான் ஒழிப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். விஷ வண்டியை எந்தத் திருடன் தொடுவான் என்பது அவன் கணக்கு.

திருடன் வரவில்லை. எலி வைத்திருந்தவர்கள் வந்தார்கள். மூலை மருந்துக்கடைக்காரர், கணக்கர் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கணக்கர், கடையில் பொறி வாங்கிக்கொண்டு போய் அவர் கிடங்கில் வைத்துவிட்டு வந்தார். கெட்ட நேரம், எலி மாட்டிவிட்டது. அதன்பிறகு தெருவே அவரைத் தேடி வந்தது.

"மேஜிக்குக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லைங்க," என்றாள் மனைவி. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த அமளியில்தான் கட்டம் போட்ட சட்டையில் ஒரு ஒல்லி ஆள் வந்து பூட்டைத் தடவிப் பார்த்தான். "நல்ல பூட்டு சார். எலி மருந்துக்கா இவ்வளவு பெருசு?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. இத்தனை நாளில் ஒருத்தராவது ஆசையாகக் கேட்டாரே என்று கணக்கர் உருகிப்போனார். அலமாரி, திரை, ஆண்டு விழா, கடைசி நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். இதே அளவில் இன்னொரு பூட்டுப் போட்டு மேடையில் தன்னைச் சங்கிலியால் கட்டுவார்கள், தான் தப்பித்து வருவேன் என்றும் சொல்லி, ஒரு டிக்கெட்டையும் கையில் திணித்தார். ஒல்லி ஆள் நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டான்.

சில நாளில் பூட்டின் சாவித் துளையைச் சுற்றிப் புதுக் கீறல்கள் தெரிந்தன. பூனையாக இருக்கும் என்றான் மைத்துனன். ஆனாலும் பளபளப்புதான் வினை என்று முடிவு செய்து, பூட்டுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தான். கை பெயிண்டில் இருக்கும்போதே, பழசாகிக் கிடந்த வித்தைப் பூட்டுக்கும் ஒரு கை பூசிவிட்டான். மாமாவுக்கு ஒரு உதவி.

வித்தைப் பூட்டு என்றால், பார்வைக்கு யானையைக் கட்டலாம் போலிருக்கும். அடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் வாயைப் பிளந்துவிடும். மேடையில் கணக்கர் தப்பிப்பதெல்லாம் அந்தத் தட்டில்தான்.

இரண்டு கறுப்புப் பூட்டுகளும் பால்கனியில் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன.

விழா நாளன்று அரங்கத்தின் பின்பக்கம் வண்டியை நிறுத்தி, ஒரு பூட்டை அழுத்திப் பூட்டினார். இன்னொன்றைச் சங்கிலியோடு மேடைக்கு எடுத்துப் போனார். பெரிய பூட்டின் சாவி வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. பையில் வைத்தால் பிக்பாக்கெட் அடித்துவிடுவான் என்று யார் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கே தெரியும். வண்டிக்குக் காவலாக அந்த யோசனைக்காரனையே நிறுத்தினார். கடைசி நிகழ்ச்சி தொடங்கியதும் அவன், மாமாவைப் பார்க்காமல் எப்படி என்று அரங்கத்துக்குள் ஓடி வந்துவிட்டான்.

பூட்டைச் சோதித்துப் போட மேடைக்கு வந்தவர் யார் தெரியுமா? சமாதானத்துக்காக இலவச டிக்கெட் கொடுத்து அழைத்திருந்த குடியிருப்புச் செயலாளர்தான். அலாரத்தின் கடுப்பையெல்லாம் சேர்த்துச் சங்கிலியை இறுக்கினார். 'டக்'கென்று பூட்டினார்.

மனைவி நட்சத்திரத் திரையால் கணக்கரை மறைத்தாள். அவர் பூட்டை நாற்காலியில் தட்டினார். திறக்கவில்லை. ஓங்கித் தட்டினார். நாற்காலிதான் ஆடியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாட்டிக்கொண்டோமே என்றுகூடத் தோன்றவில்லை. இது இங்கே இருக்கிறதென்றால், தட்டினால் திறக்கிற பூட்டு வண்டியில் தொங்குகிறது.

"ஏங்க, என்னாச்சு?" என்று திரைக்குள் தலையை விட்டாள் மனைவி.

"பூட்டு மாறிப்போச்சு. வண்டி தொறந்து கெடக்குது. பாதியில விட்டுட்டு ஓடவும் முடியல என்னால." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். "போனா போகட்டும். தொப்பியெல்லாம் நான் மறுபடி தச்சுத் தரேன். நீங்க இன்னொரு விரல நசுக்கிக்கிட்டு அலமாரி செய்யுங்க. அழாதீங்க, மை கலையுது."

அந்த நிலைமையிலும் அவருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கை கட்டியிருந்தது.

வெளியே ஜனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க, கட்டம் போட்ட சட்டைக்காரன் ஓடி வந்தான். கையில் சின்னத் தோல் பை.

"நமக்குப் பூட்டு வேலதாம்மா. பாக்கட்டுமா?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தான். அவள் யோசிக்காமல் திரையைத் தூக்கினாள்.

விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கம்பிகளை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தான். வியர்வை சொட்டியது. நல்ல பூட்டுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கடைசியில் பூட்டு வழிக்கு வந்தது. அவன் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ள, திரை விழ, கணக்கர் இரண்டு கையையும் விரித்து எழுந்து நின்றார். அரங்கமே எழுந்து கை தட்டியது. செயலாளர் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

கணக்கர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மேடையிலிருந்து குதித்துப் பின்பக்கம் ஓடினார். வண்டியில் வித்தைப் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டினார், திறந்தது. உள்ளே அலமாரி இருந்தது, குடைகள் இருந்தன, தொப்பிகளின் அடுக்குக்கூடக் கலையவில்லை. வண்டிப் படியிலேயே உட்கார்ந்து, போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் வாய்விட்டு அழுதார்.

"பாத்தீங்களா மாமா, கறுப்புப் பெயிண்ட் வேல செஞ்சிருச்சு," என்றான் மைத்துனன்.

பின்னாலேயே ஒல்லி ஆள் வந்து, பெரிய பூட்டைத் துடைத்து, பத்திரமாக மனைவியின் கையில் கொடுத்தான். கணக்கர் எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லேன்னா என் மானமே போயிருக்கும். அதெப்படிங்க, கையில சாமானோட சரியா அந்த நேரத்துக்கு வந்தீங்க?"

ஒல்லி ஆள் கூச்சத்தோடு கழுத்தைச் சொறிந்தான்.

"தெருவுல நின்னப்ப ரெண்டு தடவ முயற்சி பண்ணேன் சார், பூட்டு அசைஞ்சே குடுக்கல, இன்னிக்கு லேசா தட்டினதுமே கழண்டு விழுந்துச்சா, ஐயையோ, நல்ல பூட்ட இந்த மனுஷன் தன் மேலயே போட்டுக்கிட்டாரேன்னு பதறிப்போய்த்தான் எல்லாத்தையும் திரும்ப அடுக்கி வச்சுட்டு உள்ள ஓடியாந்தேன்."