என் நாவலில் பாட்டு இல்லை

மருதமுனை,
12.06.2010

அன்பும் அடக்கமும் நிறைந்த மச்சான் ஸப்ரி அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் மனைவியாகிய உன் ராத்தா ஜெமீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். எனது பிரஷர் மட்டும் சொற்கேளாமல் ஏறி இறங்குகிறது. அங்கு உன் சுகத்தையும் வேலைத்தலத்துச் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. டோஹாவில் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் கமெராக்காரத் தம்பி எனது 'முறைத்தண்ணீர்' நாவலைப் படமாக எடுக்க அனுமதி கேட்கிறார் என்று போனில் சொன்னாய். அனுமதி இல்லை. அரசாங்கக் கச்சேரியில் கோப்பெழுதும் இலிகிதராக இருந்து பென்சன் எடுத்தவன் நான். ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணம் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காரணம் பின்வருமாறு.

அந்த நாவலை நீ வாசிக்கவில்லை. அதன்மேல்தான் கறிச்சட்டியை இறக்கி வைக்கிறாய் என்று லீவில் வந்த உன் கூட்டாளியே சொல்லிவிட்டார். ஆகவே சுருக்கத்தை இங்கே தருகிறேன். மாவடிப்பள்ளி வயல்வெளியில் பக்கத்துப் பக்கத்தில் வயல் செய்யும் காதர், அழகையா என்று இரண்டு சினேகிதர்கள். ஒரு போகத்தில் முறை வந்த நாளில் காதரின் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அழகையாதான் வாய்க்காலை அடைத்தான் என்று காதர் ஏசுகிறான், அழகையாவும் திருப்பி ஏசுகிறான். மறுநாள் ஒரு தேத்தண்ணியோடு தீர்ந்திருக்க வேண்டிய விடயம். அதற்குள் நாட்டு நிலைமை கெட்டு தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே பாதை மூடிப்போயிற்று. அவர்கள் இங்கே வர ஏலாது, நாங்கள் அங்கே போக ஏலாது. சண்டையை முடிப்பதற்குக்கூட வழியில்லாத காலம் அது. வருடங்கள் போகின்றன. கடைசியில் கடல் வந்து அழகையாவைக் கொண்டுபோகிறது. காதர் அவனுடைய வீடு இருந்த மண்ணில் குந்தியிருந்து பக்கம் பக்கமாக அழுகிறான். நாவல் முற்றும்.

காதர் என்பது நான்தான். அழகையா என்பது காரைதீவு அழகரெத்தினம். சுனாமி வடிந்த பிறகு, பாதையைத் தடுக்க யாரும் நிற்காத அந்த நாட்களில், அவனைத் தேடிப் போனேன். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. பக்கத்தில் நின்ற ஒரு மனிசனிடம் "அழகரெத்தினம் எங்க?" என்று கேட்டேன். அவர் வாய் திறக்காமல் கடல் பக்கம் கையைக் காட்டினார். அதற்குமேல் என்ன கேட்பது? எங்கள் வீடும் போய்த் தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில் வேறு வேலையும் இல்லாததால் எழுதினேன். வம்பு வரக்கூடாது என்று ஆட்களின் பெயரை மாற்றினேன். எருமைக்கு வழக்குப் போடத் தெரியாது என்பதால் என்னுடைய எருமை 'மந்திரி'யின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்து பாதையெல்லாம் திறந்த பிறகு ஊருக்கு ஊர் கலைவிழா தொடங்கியது. பாண்டிருப்பிலிருந்து தனஞ்சயன் என்று ஒரு நாடக வாத்தியார் என் நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தார். என் எழுத்தை ஒருவர் இவ்வளவு கவனமாக வாசித்திருக்கிறாரே என்று ஜெமீலாவிடம் சொல்லி வட்டிலப்பம் வைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

"சேர், சின்ன ஒரு மாத்தம்தான். இத இசை நாடகமாப் போடுவம்" என்றார்.

"என்ட நாவல்ல பாட்டு இல்லையே தம்பி."

"இரிக்கி சேர். நீங்கதான் கவனிக்கல்ல. நூத்திநாப்பதாம் பக்கத்தில காதர் பெருமூச்சு விடுறார். அது பாட்டு."

கடதாசித் துண்டெல்லாம் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. பெருமூச்சு விட்ட இடமெல்லாம் பாட்டு. கோபப்பட்ட இடமெல்லாம் தாளம். காதர் வரம்பில் தனியே நடந்துகொண்டு வாழ்க்கையைப் பற்றி யோசிக்கும் ஒரு அதிகாரம் முழுவதும், என் எழுத்திலேயே நான் உயர்வாக நினைக்கும் அதிகாரம், வெட்டு. "யோசிக்கிறத மேடையில காட்ட ஏலா சேர். ஆள் சும்மா நிக்கிறான் எண்டு கூவெண்டு கத்துவானுகள்" என்றார். அதற்குப் பதிலாக எருமைக்கு ஒரு ஆட்டம் போட்டார். எருமை ஏன் ஆட வேண்டும் என்று கேட்டேன். "புள்ளைகளும் வாரதானே" என்றார்.

பாட்டு என்றதும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் மீராசாஹிபு ஹாஜியார் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆர்மோனியம் கூடாது, றபான் மேளம் மட்டும் என்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று தீர்ப்பு. ஆகவே காதல், கோபம், மழை, பாதை மூடியது எல்லாவற்றுக்கும் றபான்தான். காதரின் மனைவியாக நடிக்க எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையும் கிடைக்காதபடியால் பாண்டிருப்பு வினோஜாவைப் பிடித்தார்கள். புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை ஜெமீலா இருத்திவைத்து, "எங்கட பக்கம் பேர் சொல்லக்கூடா மகள். 'இஞ்சாருங்க' எண்டு சொல்லணும். கோவம் எண்டா அதையே கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்" என்று பழக்கினாள். அந்தப் பிள்ளை இழுத்த இழுப்பில் நான் இரண்டு தரம் "என்ன?" என்று எழும்பி நின்றேன்.

பிறகு முடிவு. செலவுக்குக் கைகொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சுஜித்தா என்ற அதிகாரி வந்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். "ஐயா, கடைசியில ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்கணும். எங்கட திட்டமே நல்லிணக்கம்தானே" என்றார். அழகையா செத்துவிட்டானே, எப்படிக் கட்டிப்பிடிப்பது என்றேன். சுவர்க்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பாடலாம் என்றார் தனஞ்சயன். சுவர்க்கத்தில் என்ன நடக்கும் என்பதை நாடகக்காரர் தீர்மானிக்க ஏலாது என்றார் ஹாஜியார். கடைசியில், காதர் அழுது பாடும்போது அழகையாவின் உருவம் புகை மாதிரி வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போகும் என்று முடிவானது. அவர்கள் கதைக்காமலே போனார்கள் என்பதுதான் மச்சான் கதை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். யாருக்குச் சொல்வது? கோபத்தோடு முன்வரிசையில் போய் இருந்தேன்.

நாடக நாளன்று கல்முனை மண்டபத்தில் சனம் வாசல் வரைக்கும் நின்றது. காரைதீவு, பெரியநீலாவணை ஆட்களும் எங்கள் ஆட்களும் கலந்து இருந்தார்கள். எருமைக்குள் இரண்டு பேர். முன்கால் ஒரு தாளத்துக்கும் பின்கால் வேறு தாளத்துக்கும் ஆடியதில் மந்திரி நடுவில் இரண்டாகப் பிரிந்து, பின்பகுதி தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. பிறகு கடல் வந்தது. ஜெமீலாவின் நீலப் பட்டுச்சாரியையும் இன்னும் பல வீட்டு நீலச் சாரிகளையும் பொருத்தி இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுத்தார்கள். றபான் முழங்க மண்டபம் அப்படியே அடங்கிப்போயிற்று. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கடலைக் கண்டவர்கள். அந்த நேரம் பார்த்து அலை ஒரு ஆணியில் கொழுவிக்கொண்டது. இழுக்கிறார்கள், வருகுதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஜெமீலா எழும்பி, "ஐயோ, மெதுவாடா! அது என்ட கலியாணச் சாரி!" என்று கத்தினாள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள் மச்சான். எங்கள் சனம் கடலைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அலையைக் கழற்றி எடுத்த பிறகு காதர் குந்தியிருந்து, "அழகையா, நீ எங்க போன" என்று இழுத்துப் பாடத் தொடங்கினான். புகை உருவம் ஓரத்தில் தயாராக நிற்கிறது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"நான் எங்கடா போன? திருகோணமலைக்கு மகள்ர ஊட்ட போன!"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் குடை, அதே நெற்றி. அழகரெத்தினம். இத்தனை வருடமாக யாஸீன் ஓதாத குறையாக நினைத்து நினைத்து அழுத மனிசன் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வருகிறான்! பாதை திறந்த பிறகு ஊருக்குத் திரும்பியவன், யாரோ கூப்பிட்டார்கள் என்று சும்மா நாடகம் பார்க்க வந்திருக்கிறான். அழகையா யாரென்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. எருமையின் பெயரைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

நேரே மேடையில் ஏறினான். காதராக நடித்தவனைப் பார்த்து, "தம்பி, நீ எழும்பு. உனக்கு ஒண்டும் தெரியா. காலிதீன் எங்க? அவன வரச்சொல்லு!" என்றான்.

நானும் ஏறினேன். வேறு என்ன செய்வது?

"அழகரெத்தினம், நீ... அந்த மனிசன் கடலக் காட்டினானே..."

"கடலையா? அங்கால முகாம் இருந்தது. முகாமக் காட்டியிருப்பான். நீ ரெண்டடி நடந்து பாத்தியா? சாகடிச்சுப்போட்டாய்! சாகடிச்சது பரவாயில்ல, வாய்க்கால அடைச்சது நான் எண்டு எழுதியிரிக்கியே, அது ஞாயமா? அண்டைக்கு மதகுக்குள்ள படுத்துக் கிடந்தது உன்ட மந்திரிடா!"

இத்தனை வருடம் கழித்து அதைக் கேட்டதும், அவன் உயிரோடு வந்த சந்தோசமெல்லாம் ஒரு பக்கம் நிற்க, எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"மாடு என்ட. ஓம். அண்டைக்கு அது ஆர்ர வயல்ல உழுதது? ஆர் கேட்டு வாங்கின? அவிழ்த்து விட்டது ஆரு?"

"அவிழ்த்து விடாம? அதுக்குக் குளிக்கத் தேவல்லையா?"

"அப்ப அடைச்சது நீதான்!"

சனம் எழும்பி நின்று கைதட்டியது. இது நாடகத்தில் உள்ளது என்றே நினைத்தார்கள். தனஞ்சயன் மறைவில் நின்று, "விடாதீங்க சேர், விடாதீங்க, நல்லா போகுது" என்று கையைக் காட்டினார். றபான்காரர் எங்கள் ஏச்சுக்குத் தாளம் போடத் தொடங்கிவிட்டார். சுஜித்தா கமெராவோடு ஓடிவந்து, "ஐயா, கட்டிப்பிடிங்க, கட்டிப்பிடிங்க" என்று கெஞ்சினார். நாங்கள் கட்டிப்பிடிக்கவில்லை. முழங்கால் வருத்தத்தால் அழகரெத்தினத்துக்குப் படி இறங்க முடியாமல் என் தோளைப் பிடித்தான், அவ்வளவுதான். அதைத்தான் பத்திரிகையில் கட்டித்தழுவினர் என்று போட்டிருக்கிறார்கள். நீ நம்பாதே.

பிறகு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். கோப்பையை ஆற்றிக்கொண்டே, என் பக்கம் பாராமல் கேட்டான்: "நான் செத்த இடத்த எழுதக்குள்ள அழுதியா?"

"கொட்டிலுக்குள்ள நுளம்பு விரட்டுற புகை" என்றேன்.

"ம்" என்றான். பிறகு இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னான். சீனி தூக்கலாக. எனக்கும் சேர்த்து.

ஆகவே மச்சான், மேற்படி காரணங்களால் படத்துக்கு அனுமதி கிடையாது. ஒரு மேடைக்கே செத்தவன் எழும்பி வந்தான். படம் எடுத்தால் யார் யார் வருவார்களோ. எழுதினது எழுதினபடி கிடக்கட்டும். தம்பியிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லிவிடு. வெயிலில் வேலை செய்யும்போது தலையை மூடிக்கொள். ஐந்து நேரத்தையும் தவறவிடாதே. உன் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் அந்த றஹ்மான் காவலாக இருப்பானாக. ஜெமீலா சலாம் சொல்கிறாள். கூடவே ஒரு நீலப் பட்டுச்சாரியும் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்,
மீ. காலிதீன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அழகரெத்தினம் வந்து வாசித்துவிட்டான். கமெராக்காரத் தம்பியை உடனே அனுப்பவும். அழகையாவாக அழகரெத்தினமே நடிப்பான். நான் மறுத்தால் காதருக்கு வேறு ஆள் பிடிப்பானாம், ஆகவே நானும் நடிக்கிறேன். பாட்டு வேண்டும் என்கிறான். இரண்டு எழுதிவிட்டேன், ஒன்று நன்றாக வந்திருக்கிறது. வரிப்பத்தான்சேனையில் ஒரு எருமையும் பார்த்தாயிற்று. படத்தின் முடிவு என்னவென்று தம்பி கேட்டால், ஆட்கள் இரண்டு பேரும் இன்னும் உயிரோடிருக்கிறார்கள், இப்போதைக்கு முடிவு இல்லை என்று சொல்லு.